காப்புக் கட்டிய மூன்றாம் நாள்

போன மாதம் என் வலது முட்டியை மாற்றி வைத்தார்கள். ஆபரேஷனுக்கு முதல் நாள் ஒரு நர்ஸ் கையில் ஒரு படிவத்தோடு வந்தாள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவள், "ஆல்கஹால்" என்று தனக்குத்தானே படித்துவிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் "இல்லை" என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். நான் இன்னும் வாயே திறக்கவில்லையே என்றேன். "உங்களப் பாத்தாலே தெரியாதாம்மா?" என்று சிரித்தாள்.

நல்ல பெண்தான். ஆனாலும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பத்து மூன்று வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். பார்த்தாலே தெரியும் என்று நம்பி ஒரு மனிதரைச் சாகவிட்டிருக்கிறேன். அதை அவளிடம் சொல்லி முடிப்பதற்குள் என்னை எக்ஸ்ரே எடுக்க ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் இந்த நாட்களில் அதை எழுதி வைக்கிறேன்.

திருச்சியில் மூன்று வருஷம் படித்தேன். குடியைப் பற்றி அங்கே எங்களுக்குச் சொல்லித் தந்தது கல்லீரல் வீங்கும் என்பதும் வயிற்றில் நீர் கோக்கும் என்பதும்தான். குடித்தால் உடம்பு என்ன ஆகும் என்று ஒரு பாடம் இருந்தது. குடியை நிறுத்தினால் உடம்பு என்ன ஆகும் என்பதற்கு நோட்டில் இரண்டு வரிகூட இல்லை. நிறுத்தினால் நல்லதுதானே, அதில் படிக்க என்ன இருக்கிறது என்று நானும் நினைத்திருந்தேன்.

முதல் வேலை அரியலூரில். அங்கே ஒரு பெரியவர் தொடை எலும்பு முறிந்து சேர்ந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, பார்க்க வருகிறவர்களெல்லாம் கைகட்டி நிற்பார்கள். மதுவிலக்கு மறுபடியும் வந்திருந்த காலம் அது. குடித்தவன் என்று தெரிந்தால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். இப்படிப்பட்டவரிடம் போய்க் குடிப்பீங்களா என்று எந்த வாயால் கேட்பது? நான் கேட்கவில்லை. கேஸ் ஷீட்டில் "பழக்கம் எதுவும் இல்லை" என்று என் கையாலேயே எழுதினேன்.

மூன்றாம் நாள் அவர் போர்வையிலிருந்து ஏதோ நூலைப் பிரித்துப் பிரித்துக் கீழே போட ஆரம்பித்தார். நூல் எதுவும் இல்லை. உடம்பு கொதித்தது, நாடி ஓடியது, கட்டிலை விட்டு இறங்கி வயலுக்குப் போகப் பார்த்தார். புத்தி பேதலித்துவிட்டது என்று பாண்டேஜ் துணியால் கட்டிலோடு சேர்த்துக் கட்டினோம். நாலாம் நாள் காலையில் இறந்துபோனார். எலும்பு முறிந்து ஏன் ஒருவர் சாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. விதி என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

பெரம்பலூருக்கு மாற்றலாகி வந்தபோதுதான் பெரிய டாக்டரைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். துடைக்கத் துடைக்கப் பேச்சில் மரியாதை கூடிக்கொண்டே போகும். "சிஸ்டர் அவர்களே" என்று ஆரம்பித்தாரென்றால் வார்டில் ஈ பறக்காது.

ஒருநாள் பேச்சுவாக்கில் அரியலூர்ப் பெரியவரைப் பற்றி அவரிடம் சொன்னேன். எத்தனாவது நாள் நூல் பிரித்தார் என்று கேட்டார். மூன்றாம் நாள் என்றேன். சாயங்காலமானால் அதிகமாகுமா என்றார். ஆமாம் என்றேன். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

தினமும் குடிக்கிறவன் உடம்பு அந்தச் சாராயத்தை எதிர்த்துத் தள்ளியபடியே நிற்கும் என்று விளக்கினார். கதவை இரண்டு பக்கமும் இரண்டு பேர் தள்ளுகிற மாதிரி. ஒருவன் சட்டென்று விலகினால் மற்றவன் கதவோடு போய் விழுவான். விட்ட அரை நாளில் கை நடுங்கும், வியர்க்கும், குமட்டும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு நாள் தாண்டினால் சிலருக்கு இல்லாதது கண்ணில் தெரியும், எறும்பு, பாம்பு, செத்துப்போனவர்கள். காய்ச்சலும் நாடியும் ஏறும். எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆகிறவர்களைக் கவனிக்காமல் விட்டால் சாவார்கள். கவனித்தால் ஒருநாள் அடித்துப் போட்ட மாதிரித் தூங்கி எழுந்திருப்பார்கள். "குடிக்காதன்னு யாரு வேணும்னாலும் சொல்லிட்டுப் போகலாம் சிஸ்டர். எப்படி வுடணும்னு சொல்றதுக்குத்தான் நமக்குச் சம்பளம்," என்றார்.

அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். ஆண் நோயாளி யார் வந்து சேர்ந்தாலும், திருநீறு பூசினவரானாலும் சரி, கணக்குப்பிள்ளையானாலும் சரி, குடிப்பீங்களா என்று கேட்க மாட்டார். கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்? "கடைசியா எப்பங்க?" என்று மட்டும் கேட்பார். கேட்டுவிட்டு அந்த ஆளைப் பார்க்காமல் பக்கத்தில் நிற்கிற மனைவியைப் பார்ப்பார். ஆள் "எதுங்க சார்?" என்று இழுத்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாவின் முகம் பதில் சொல்லிவிடும். அப்புறம் கையை நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைப்பார். கண்ணுக்குத் தெரியாத நடுக்கமும் தாளில் தெரிந்துவிடும். ஆமாம் என்று பட்டால் கேஸ் ஷீட்டின் மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் போடுவார். போலீஸ் யாராவது புரட்டிப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது. வீட்டுக்குப் போகிற நாளில் ரப்பரால் அழித்துவிடுவார்.

வட்டம் போட்ட ஆளுக்கு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவதற்கு முன்னால் பி ஒன் வைட்டமின் ஊசி போட்டாக வேண்டும். வரிசை மாறினால் மூளைக்கு ஆபத்து என்பார். கட்டிலோடு சேர்த்துக் கட்ட மாட்டார். வெளிச்சமான இடத்தில் கட்டிலைப் போடச் சொல்வார். ஒரே ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். இது எந்த ஊர், இன்றைக்கு என்ன கிழமை, நான் யார் என்று நோயாளியிடம் அந்த ஆள் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இப்படி ஏழெட்டுப் பேரை நான் கரையேற்றியிருந்தேன். எனக்கு இதில் தேர்ச்சி வந்துவிட்டது என்று கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது.

செல்லமுத்து அந்தச் சமயத்தில் வந்தவர். வாலிகண்டபுரத்தைத் தாண்டி நாலு மைல் உள்ளே போனால் அவர் ஊர். கிணறு வெட்டுகிற ஆள். எங்கள் பக்கம் நாலு முழத்துக்குக் கீழே பாறைதான், வெடி வைத்துத்தான் இறங்க வேண்டும். கல் விழுந்து விரல் நசுங்கி வெளி நோயாளிகள் வரிசையில் நின்றார். எனக்கு அன்று அறுபது பேருக்குக் கட்டு மாற்ற வேண்டும். காலை ஒன்பது மணிக்கே அவர் வாயிலிருந்து சாராய வாடை. கையைப் பிடித்துக் கட்டுப் போட முடியவில்லை, அப்படி நடுக்கம். போன வாரம் போட்ட கட்டு நனைந்து நாறிக் கிடந்தது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "இந்தக் குடி உன் உசுர எடுத்துட்டுதான் போகும். இன்னையோட வுடு. ஒரு சொட்டு தொடாத. தொட்டுட்டு எங்கிட்டக் கட்டுப் போட வராத," என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சரிங்க என்று போனார். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். கடைசியாக எப்போது என்று கேட்கவில்லை, தாள் வைத்துப் பார்க்கவில்லை, படுக்கையில் சேர்க்கவில்லை. வார்டுக்குள் தெரிந்த பாடம் வரிசையில் மறந்துபோனது.

மூன்று நாள் கழித்து அவர் மனைவி பச்சையம்மாள் மூச்சு வாங்க வந்து நின்றாள். ஊரில் மாரியம்மன் தீமிதி. அன்றைக்கு என்னிடம் திட்டு வாங்கிப் போனவர், சாயங்காலமே குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டாராம். காப்புக் கட்டினால் குடிக்கக் கூடாது. இந்த வருஷம் செல்லமுத்துவே காப்புக் கட்டிவிட்டான் என்று ஊரே ஆச்சரியப்பட்டிருக்கிறது. இரண்டாம் நாள் காலையில் கோயில் வாசலில் அவர் உடம்பு உதறியது. அருள் வந்துவிட்டது என்று மஞ்சள் தண்ணீர் ஊற்றி உடுக்கை அடித்தார்கள்.

"சாமி வந்தா நொரை தள்ளுமா நர்சம்மா?" என்று கேட்டாள். "நாக்கக் கடிச்சிக்கிட்டு ரத்தமா வருது. இப்ப என்னயே யாருன்னு தெரியல. சனங்க குறி கேட்டுக்கிட்டு இருக்கு. நான் சொன்னா யாரு கேக்குறாங்க?"

பெரிய டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், நான் கத்தியது உட்பட. அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சிஸ்டர் அவர்களே, தாங்கள் நல்லதைத்தான் சொல்லியிருக்கிறீர்கள்," என்றார். அதற்கு என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். உடனே ஆளைக் கொண்டுவரச் சொல்லலாம் என்றேன். பச்சையம்மாள் தலையை ஆட்டினாள். காப்புக் கட்டியவர் திருவிழா முடியாமல் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தூக்கிப்போக ஒருத்தரும் விட மாட்டார்கள். டாக்டர் டிரைவரைக் கூப்பிட்டு ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

நாங்கள் போனபோது உச்சி வெயில். கோயிலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் கூட்டம். நடுவில் செல்லமுத்து. மார்பு முழுக்க மஞ்சளும் வியர்வையும். வலது கையால் இடது கையைத் தட்டித் தட்டி எதையோ உதறிக்கொண்டிருந்தார். "எறும்பு ஏறுது, எறும்பு ஏறுது," என்றார். கூட்டத்தில் ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். எறும்பு மேட்டுக்கு ஏறினால் மழை வரும் அல்லவா? இரண்டு வருஷமாகக் காய்ந்து கிடக்கிற ஊருக்கு ஆத்தா மழை சொல்லிவிட்டாள் என்று பெண்கள் குலவை போட்டார்கள். நான் நாடியைப் பிடித்தேன். எண்ண முடியாத வேகம். உடம்பு அடுப்பு.

பூசாரி ஐம்பது வயது மனிதர், நிதானமானவர். டாக்டர் அவரிடம், சாமிக்கு நாங்கள் குறுக்கே வரவில்லை, எல்லையையும் தாண்டவில்லை, இந்த உடம்பு தாங்காது, ஒரு ஊசி போட்டுத் தூங்க வைக்கிறோம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பூசாரி யோசித்துச் சம்மதித்தார். கோயிலை ஒட்டியிருந்த பாத்திரக் கொட்டகையில் படுக்க வைத்தோம். முதலில் பி ஒன். பிறகு தூங்க வைக்கிற மருந்து. டயஸிபாம் ஊசி எங்களிடம் தீர்ந்திருந்தது. இருந்தது பாரால்டிஹைடுதான். கண்ணாடி சிரிஞ்சில் எடுத்து இரண்டு பக்க இடுப்பிலும் ஆழமாகப் போட்டேன்.

அந்த மருந்தோடு பழகியவர்களுக்குத் தெரியும், அது மூச்சு வழியாகத்தான் வெளியேறும். பத்து நிமிஷத்தில் செல்லமுத்துவின் வாயிலிருந்து குப்பென்று ஒரு நெடி கிளம்பியது. அழுகிய பழத்தில் ஸ்பிரிட்டை ஊற்றியது போல. வாசலில் நின்ற இளவட்டம் ஒருவன் மோந்துவிட்டான். "காப்புக் கட்டினவனுக்கு ஊசியில சாராயத்த ஏத்திட்டாங்க," என்று அவன் கூவியதும் கூட்டம் கொட்டகைக்குள் பிதுங்கியது. ஒருவன் என் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தான். ஆத்தா கோபித்தால் ஊருக்கே ஆகாது, ஜீப்பை எடுங்கள் என்றார்கள். அந்த நேரத்தில் நாங்கள் வெளியேறியிருந்தால் அந்த மனிதர் அன்று மாலையைத் தாண்டியிருக்க மாட்டார். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

என் வாய்தான் எப்போதும் முந்துமே. அன்றும் முந்தியது. "இந்தாளு ஒடம்புக்கு வந்தது சாமியில்ல. நான்தான்," என்றேன். "ஆஸ்பத்திரியில வெச்சு ஒரே நாள்ல வுடுன்னு நான்தான் கத்துனேன். அப்படி ஒரேயடியா வுட்டா இப்படித்தான் ஆவும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லாம அனுப்பிட்டேன். இவரு பொழைச்ச பொறவு என்னய என்ன வேணும்னாலும் பண்ணுங்க." நர்ஸ் ஒருத்தி கூட்டத்தின் முன்னால் தன் தப்பைச் சொல்வதை அந்த ஊர் பார்த்ததில்லை போலிருக்கிறது. சத்தம் கொஞ்சம் அடங்கியது.

பூசாரி முன்னால் வந்தார். குனிந்து செல்லமுத்துவின் வாயை மோந்தார். என் கையிலிருந்த மருந்து நனைந்த பஞ்சை வாங்கி மோந்தார். மறுபடி வாயை மோந்தார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "இது சாராயம் இல்லடா. இந்த மாதிரிச் சரக்கு இந்தத் தாலுகாவுலயே கெடையாது," என்றார். அவ்வளவு உறுதியாக அவருக்கு எப்படித் தெரிந்தது என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. பூசாரியும் அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். என் பெட்டி தானாக உள்ளே வந்தது. தீர்ப்புச் சொல்ல அவரைவிடத் தகுதியான ஆள் அந்த ஊரில் இல்லை என்று டாக்டர் திரும்பும் வழியில் டிரைவரிடம் சொன்னாராம்.

நான் அந்த ஜீப்பில் போகவில்லை. குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, பச்சையம்மாளுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு நானும் கிளம்பத்தான் எழுந்தேன். எனக்கு மறுநாள் டியூட்டி இருந்தது. அவள் என் முழங்கையைப் பிடித்தாள். அழவில்லை, கெஞ்சவுமில்லை.

"வுடச் சொன்னது நீங்க. வுட்டு முடியிற வரைக்கும் இருந்துட்டுப் போங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். உங்களுக்கு லீவு எழுதிக்கொள்கிறேன், தினமும் காலையில் மருந்தோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். அடுத்த இரண்டு நாளும் அந்தக் கொட்டகையில் பொங்கல் அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். குறி கேட்க வந்தவர்களைப் பூசாரியே வாசலோடு திருப்பி அனுப்பினார். இது உன் ஊர், இன்று ஞாயிறு, நான் நர்ஸ், இவள் உன் பெஞ்சாதி என்று என் தொண்டை கட்டும்வரை சொன்னேன். அவர் என்னைத் தன் செத்துப்போன அக்கா என்று நினைத்து அழுதார், ஒருமுறை வெடிக்குத் திரி வைத்தாயிற்று, ஓடு ஓடு என்று என்னைத் தள்ளினார். அந்தப் பதற்றத்திலும் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். எனக்குப் பயமாகவும் இருந்தது. செத்துவிட்டால் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற பயம்.

இரண்டாம் நாள் பிற்பகல் வியர்வை நின்றது. நாடி தொண்ணூறுக்கு இறங்கியது. அப்புறம் தூங்கினார். மருந்தால் வந்த தூக்கமில்லை, உடம்பு தானாகக் கேட்டு வாங்கிய தூக்கம். குறட்டைச் சத்தம் கேட்டதும் பச்சையம்மாள் கதவோரம் சாய்ந்து அவளும் தூங்கிப்போனாள்.

மறுபடி குடித்தாரா என்று இந்தக் கதையைச் சொன்னால் எல்லாரும் கேட்பார்கள். பொய் சொல்ல மாட்டேன். சில வருஷம் கழித்து மதுவிலக்கை எடுத்துச் சாராயக் கடைகளைத் திறந்தபோது குடித்தார். பிறகு ஆஸ்பத்திரியில் வந்து படுத்து முறையாக விட்டார். காப்புக் கட்டிய அந்த வருஷம் தீ மிதிக்க டாக்டர் விடவில்லை, கால் நிற்காது என்று சொல்லிவிட்டார். காப்பு மட்டும் திருவிழா முடியும்வரை கையில் இருந்தது.

கொட்டகையில் மூன்றாம் நாள் காலையில் கண் விழித்தார். என்னைப் பார்த்தார், அண்டாக்களைப் பார்த்தார், எழுந்து உட்காரப் பார்த்தார். இன்னிக்கு என்ன கிழமைங்க என்று அவராகக் கேட்டார். சொன்னேன். பிறகு மனைவியைப் பார்த்து, "பசிக்குதுடி. கஞ்சி இருக்கா?" என்றார். பச்சையம்மாள் சட்டியை எடுக்கப் போனவள் பாதியில் நின்றுவிட்டாள். "பதினோரு வருசத்துல காலையில இந்த மனுசன் பசின்னு சொன்னதில்லீங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டு அப்போதுதான் அழுதாள்.

அவர் குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, பக்கத்தில் உட்கார்ந்து, நான் செய்தது தப்பு என்று சொன்னேன். மெதுவாக விட வேண்டியதை ஒரேயடியாக விடு என்று கத்திவிட்டேன், உங்கள் உயிரே போயிருக்கும் என்றேன். அவர் சட்டியைக் கீழே வைத்தார்.

"நீங்க அன்னிக்கு மெதுவாச் சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேங்க," என்றார்.

மீதிக் கஞ்சியை அவர் சட்டியில் ஊற்றினேன். அதையும் குடித்தார்.